பூட்டிய வீட்டில் மூன்று விசில்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலை பத்தரை மணிக்குத் திருத்தங்கலில் ஒரு தெருமுனை டீக்கடை பெஞ்சில், பரீட்சை அட்டையும் பேனாவுமாக நான் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இவனுக்கு என்ன பரீட்சை என்று நீங்கள் நினைக்கலாம். பரீட்சை எனக்கு இல்லை, அந்தத் தெருவுக்கு. என் ஒரே மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. பையன் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து வரப் போயிருந்தேன். போன இரண்டே மணி நேரத்தில் அந்தக் கல்யாணத்தையும், இருபத்தெட்டு வருடமாக வளர்த்த என் மீசையையும் ஒருசேரப் பணயம் வைத்தேன்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் எனக்கு வேலை. நடுவில் ஓய்வு கிடைத்தால் செல்போனில் வரும் புதிர்களைப் போட்டுப் பார்ப்பேன். அதிலும் உண்மை பேசுகிறவன், பொய் பேசுகிறவன் புதிர் என்றால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். ஒரு தீவு. அதில் இரண்டே வகை மனிதர்கள். ஒரு வகைக்கு உண்மையைத் தவிர வேறு பேசத் தெரியாது. இன்னொரு வகைக்குப் பொய்யைத் தவிர வேறு வராது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வகைக்கு ஒருவராக இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டு ஊருக்குப் போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

விடை இதுதான். இருவரில் யாராவது ஒருவரிடம், "ஊருக்கு எது வழி என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் எந்தப் பக்கம் கையைக் காட்டுவார்?" என்று கேட்க வேண்டும். யாரிடம் கேட்டாலும் தப்பான பாதைதான் பதிலாக வரும். அதற்கு எதிர்ப்பக்கம் நடந்தால் ஊர் வந்துவிடும்.

இதை நானாகவே மூன்று நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் மண்டிக்கு லோடு இறக்க வந்தவரை நிறுத்திவைத்து அவருக்கும் புதிரைப் போட்டேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு பேரும் வேலை வெட்டிக்குப் போகாம அங்கன எதுக்கு அண்ணாச்சி நிக்காக?" என்று கேட்டுவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விட்டார். வீட்டிலும் என்னை மதிக்க ஆளில்லை. ஒருநாள் மனைவியிடம், அம்மா சாம்பாரில் உப்புப் போட்டாளா என்று நம் மகளைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று கேட்டுப் பார்த்தேன். "அப்பாவுக்கு நாக்குச் செத்துப்போச்சுன்னு சொல்லுவா" என்றாள். இதில் எதைத் திருப்பிப் போட்டு எப்படி உப்பைக் கண்டுபிடிப்பது?

இந்த நிலைமையில்தான் மகளுக்குத் தரகர் மூலமாக அந்த வரன் வந்தது. பையன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வேதியியல் படித்தவர். அம்மாவும் மகனும் மட்டும். பெண் பார்க்க வந்தபோது அரை மணி நேரம் இருந்தார்கள். பையன் அதிகம் பேசவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு என் மகள், யாரும் கேட்காமலே எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வருடத்துக்கு ஒருமுறைகூட நடக்காத சம்பவம் அது. அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அந்தக் காபியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தப்பான ஆளாக இருந்தால் இப்போதே தெரிய வேண்டும். நாள் போகப் போக அவளால் தாங்க முடியாது.

எங்கள் பக்கத்தில் பூ வைத்து உறுதி செய்வதற்கு முன்னால், பெண் வீட்டிலிருந்து ஒருவர் மாப்பிள்ளை தெருவுக்குப் போய் டீக்கடையிலும் சலூனிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்துவிட்டு வருவது வழக்கம். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு என் மைத்துனர்தான் போவார். எங்கு போனாலும் அரை மணி நேரத்தில் சொந்தக்காரர் ஆகிவிடுகிற மனிதர். இந்தத் தடவை நானே போகிறேன் என்று அடம்பிடித்தேன். மனைவிக்கு உடன்பாடில்லை.

"போறதுதான் போறீக, பொண்ணோட அப்பான்னு சொல்லுங்க. மீதியை அவுகளே சொல்லிருவாக" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெண்ணின் அப்பா என்று சொன்னால் வேண்டியவர்கள் புகழ்வார்கள், வேண்டாதவர்கள் கரித்துக் கொட்டுவார்கள். உண்மை எங்கிருந்து வரும்? நான் யார் என்று சொல்லாமல், முறைப்படி, தர்க்கப்படி கேட்க வேண்டும். முந்தின நாளே ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டேன். முதல் கட்டத்தில் ஆள். அடுத்த கட்டத்தில் உண்மை பேசுபவரா, பொய் பேசுபவரா. மூன்றாவதில் அவர் சொன்னது. நான்காவதில் அதிலிருந்து நான் கண்டுபிடித்தது. முழுக்கைச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, பாக்கெட்டில் இரண்டு பேனா குத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கிளம்புமுன் நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது ஒரு அதிகாரியைப் போல மிடுக்காக இருந்தேன். அந்த மிடுக்குத்தான் என்னைக் கவிழ்த்தது.

டீக்கடைக்காரர் டீயை நீட்டியதும் வேலையை ஆரம்பித்தேன். முதலில் விடை தெரிந்த கேள்வி கேட்டு, ஆள் எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். புதன் என்றார். நீங்கள் கொடுத்தது டீயா காபியா என்று கேட்டேன். அவர் என் கிளாஸை எட்டிப் பார்த்துவிட்டு, "டீதான். ஏன், வேற மாதிரி இருக்கா?" என்றார். இரண்டும் சரி. உண்மை பேசுபவர் என்று கட்டத்தில் எழுதிக்கொண்டேன்.

அவர் என் பேனாவைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். சாருக்கு எந்த ஊர், என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். நான் கொஞ்சமும் தயங்காமல், காரியாபட்டிப் பக்கம், ஒரு கணக்கெடுப்பு விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன். பெஞ்சில் நாலு பேர் சத்தமாக அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அப்படியே நின்றது. என் கணீர்க் குரலுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன்.

இந்தத் தெருவில் பட்டாசுக் கம்பெனி போர்மேன் ஒருவர் இருக்கிறாராமே, ஆள் எப்படி என்று கேட்டேன்.

"போர்மேனா?" என்றார் டீக்கடைக்காரர். "அப்பிடி யாரும் இங்கன கிடையாதே."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஒருவர் போகும்போதே செல்போனைக் காதில் வைத்தார். அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் கட்டத்தில் இருந்தது. உண்மையைத் தவிர வேறு பேசாத மனிதர், அப்படி ஒருவர் இல்லை என்கிறார். அப்படியென்றால் என் வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிட்டவன் யார்?

பக்கத்தில் சலூன். சலூன்காரர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரிடம்தான் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். இந்தத் தெருவில் போர்மேன் இருக்கிறாரா என்று டீக்கடைக்காரரைக் கேட்டால் அவர் என்ன சொல்லுவார் என்று கேட்டேன்.

சலூன்காரர் திரும்பி டீக்கடையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "இந்தா இங்கனதான நிக்காரு. நீங்களே கேட்டுக்கிருங்க" என்றார்.

என் வாழ்க்கையில் அந்தப் புதிருக்கு இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்த்ததே இல்லை. சமாளித்துக்கொண்டு, உங்களுக்கு அந்தப் பையனைத் தெரியுமா என்று நேராகவே கேட்டேன். தான் கடை போட்டே ஒரு வாரம்தான் ஆகிறது, இந்தத் தெருவில் ஒருவரையும் தெரியாது என்றார். உள்ளே கண்ணாடிக்கு மேலே அவர் கடை திறந்த அன்று எடுத்த போட்டோ மாட்டியிருந்தது. அதில் அவருக்குச் சுருட்டை முடி காடு போல இருந்தது. என் எதிரில் நின்றவர் தலையில் சூரியன் மின்னியது. ஒரு வாரத்தில் அவ்வளவு முடி கொட்டாது. பொய் பேசுபவர் என்று எழுதினேன். பொய் பேசுபவர் தெரியாது என்றால் தெரியும் என்று அர்த்தம்.

அடுத்து வீட்டையே பார்த்துவிடுவோம் என்று போனேன். தரகர் கொடுத்த கதவு எண் சரியாக இருந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கேட்பதற்கு முன்னாலேயே, அந்த வீடு ஒரு வருசமாகப் பூட்டிக் கிடக்கிறது, ஊரை விட்டே போய்விட்டார்கள் என்றார்.

சொல்லி வாயை மூடவில்லை, பூட்டிய வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது.

நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம்.

"எலி" என்றார் அந்தப் பெண்.

இரண்டாவது விசில் வந்தது. "தொல்லை தாங்க முடியல சார்" என்று அலுத்துக்கொண்டார். மூன்றாவது விசிலோடு முருங்கைக்காய் சாம்பார் வாசனையும் வந்தது. அதற்கு அவரிடம் எலி இல்லை போலிருக்கிறது. பொய் பேசுபவர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

சரி, இங்கே குடியிருந்த பையன் எப்படி என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மாறியது. இவ்வளவு நேரம் எங்கோ பார்த்துப் பேசியவர் இப்போது நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"தங்கமான புள்ள சார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. வேலையில யாரையும் வெரட்டாது. வானம் லேசா உறுமுனாலும் சரி, கம்பெனியில யாரு என்ன சொன்னாலும் சரி, முதல்ல எங்களை எல்லாம் வெளிய அனுப்பிரும். இன்னைக்குக்கூட..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒரு வருடத்துக்கு முன்னால் ஊரை விட்டுப் போன பையன் இன்றைக்கு என்ன செய்தான் என்று ஒரு சின்னப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. தீவின் விதிப்படி பொய் பேசுபவர் சொன்னதையெல்லாம் திருப்பிப் போட வேண்டும். நான் திருப்பிப் போட்டேன். கெட்ட பழக்கம் கிடையாது என்றால் எல்லாக் கெட்ட பழக்கமும் உண்டு. விரட்டாது என்றால் விரட்டி விரட்டி வேலை வாங்குகிறவன். ஆட்களை வெளியே அனுப்பும் என்றால், இடி விழுந்தாலும் உள்ளேயே அடைத்து வைக்கிறவன்.

தெருவோரம் ஒரு வேப்பமரத்தடியில் நின்று என் கண்டுபிடிப்புகளை மொத்தமாகப் படித்தேன். ஒன்று, அப்படி ஒரு ஆளே கிடையாது. இரண்டு, அவனை இந்தத் தெருவுக்கே தெரியும். மூன்று, அவன் குடிகாரன். புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே தாளைக் கிழித்துப் போட்டிருப்பான். நானோ, இல்லாத ஒருவன் எப்படிக் குடிப்பான் என்று யோசிப்பதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன்.

மனைவியின் போனை மகள் எடுத்தாள். அம்மா குளிக்கப் போயிருக்கிறாள், என்னவென்று என்னிடம் சொல்லுங்கள் என்றாள். ஐந்து நிமிடம் பொறுத்துப் போன் பண்ணியிருக்கலாம். பயம் வந்தால் என் வாய்க்கு மூடி கிடையாது. பையன் குடிகாரனாம், ஆட்களை வதைக்கிறவனாம், ஆளே டூப்பாம், வீடு பூட்டிக் கிடக்கிறது, இந்தச் சம்பந்தம் வேண்டவே வேண்டாம், தரகரிடம் சொல்லிவிடச் சொல் அம்மாவிடம் என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

அவள், "சரிப்பா" என்றாள்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். சின்ன வயதில் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி நான் மறந்துபோகும் நாட்களிலும் இதே குரலில்தான் அவள் சரிப்பா என்பாள். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை.

தலை நிமிர்ந்து பார்த்தால் தெருவின் மறுமுனையில் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். வேலை நாளில், பகல் பதினோரு மணிக்கு, இத்தனை பேர் வீட்டில் எப்படி என்று யோசிப்பதற்குள் ஒரு பைக் சத்தம். தலையில் ஹெல்மெட், கையிடுக்கில் ஏதோ கட்டு. கூட்டம் என் பக்கம் கையைக் காட்டியது. பைக் நேராக என்னை நோக்கித் திரும்பியது.

குடிகாரன். ஆட்களை வதைப்பவன். அவனைப் பற்றி ஊரெல்லாம் நான் கேட்டது இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று என் கற்பனை சொன்னதை இங்கே எழுத முடியாது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வருகிற நான் அன்று ஓடிய ஓட்டத்தை என் வாத்தியார் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். சலூனுக்குள் பாய்ந்து, நாற்காலியில் விழுந்து, அங்கே கிடந்த துணியை எடுத்து நானே கழுத்துவரை போர்த்திக்கொண்டேன்.

சலூன்காரர் வேறு வழியில்லாமல் என் முகத்தில் நுரையைத் தடவினார். தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, காலையில்தானே வழித்திருக்கிறீர்கள், இனி எதை எடுப்பது என்று கேட்டார்.

கண்ணாடியில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த நான், "இருக்கிறதை எடுங்க" என்றேன்.

முகத்தில் இருந்தது மீசை மட்டும்தான். அதிகாரி சொன்னால் மறுபேச்சு ஏது? வலது பக்கம் முழுதாகப் போய்விட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் பைக் வாசலில் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஆள் உள்ளே வந்தார்.

"சார், என்னையத் தேடுனதாச் சொன்னாக. நான்தான் போர்மேன். என் சர்டிபிகேட், கம்பெனிப் பேப்பர் எல்லாம் கொண்டாந்திருக்கேன். என்ன கேக்கணுமோ கேளுங்க."

நான் கண்ணாடியிலேயே பார்த்தேன். அதே பையன். என் வீட்டு சோபா நுனியில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்ட அதே முகம். அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நுரையும் பாதி மீசையுமாக இருந்த அந்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று கொஞ்ச நேரம் தேடினார்.

"மாமா?" என்றார்.

சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. வாசலில் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களிடம் சொல்ல, "மாமாவாம், மாமாவாம்" என்று அந்த வார்த்தை தெருவின் மறுமுனை வரை போனது.

பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பட்டாசுக் கம்பெனியில் விபத்து, சோதனை என்று எது நடந்தாலும் போலீசும் அதிகாரிகளும் முதலில் தேடுவது போர்மேனைத்தான். தீபாவளி சீசன் சமயத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, அட்டையும் பேனாவுமாக வந்து கணக்கெடுப்பு என்று ஒருவன் சொன்னால், அவன் சோதனைக்கு வந்த அதிகாரி என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் நினைத்துவிடுவார்கள். இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என் மூளைதான் அன்று தீவுக்குப் போயிருந்ததே! பெஞ்சிலிருந்து எழுந்து போனவர் கம்பெனி வாசல் காவலாளிக்குப் போன் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய் மாப்பிள்ளையின் அம்மாவை உள்ளே வைத்து வெளியே பூட்டியிருக்கிறார். வெயில் வருவதற்கு முன்னால், காலையில் வானம் கறுத்து உறுமியதும் இந்தப் போர்மேன்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதனால்தான் அந்நேரத்தில் தெருவே வாசலில் இருந்தது. சாயங்காலம் வரை இருக்கன்குடி கோயிலில் போய் இருந்துகொள், இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று காவலாளி மூலமாகத் தெருவே அவரிடம் மன்றாடியிருக்கிறது.

பின்னே ஏன் வந்தீர்கள் என்று பாதி மீசையோடு கேட்டேன்.

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "நான் போய் ஒளிஞ்சுக்கிட்டா, நாளைக்கு உள்ள வேலை பாக்குற ஆளுக நான் சொல்றதை எப்பிடி மாமா நம்பும்? நான் வெளிய போங்கன்னு சொன்னா அந்த நிமிசமே நம்பி எந்திரிச்சுப் போகணும்ல."

சலூன்காரர் மெதுவாக என் காதருகே குனிந்து, மிச்சப் பாதியை என்ன செய்யட்டும் என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன்.

வெளியே வந்தபோது அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் வழிமறித்து நின்றார். இவ்வளவு நேரம் சார் என்றவர் இப்போது அண்ணாச்சிக்கு மாறியிருந்தார். "பொண்ணைப் பெத்தவருன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா அண்ணாச்சி? வாயில வந்த பொய்யெல்லாம் சொல்ல வச்சிட்டீகளே" என்றார். நான் அசடு வழிந்துகொண்டே, போர்மேன் யாராக இருந்தாலும் இப்படித்தான் காப்பாற்றுவீர்களா என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டீக. இந்தத் தம்பிக்கு முன்னாடி ஒருத்தரு இருந்தாரு. அவரைத் தேடி வந்தப்ப நாங்களே கூட்டிப்போய் வீட்டைக் காட்டிட்டு, வந்தவுகளுக்கு உக்கார நாற்காலியும் போட்டுக் குடுத்தோம்."

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. திரையில் என் மகளின் பெயர்; பெண் பார்த்த அன்றே நம்பர் கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது. நான் வீட்டுக்குப் போன் போட்டுக் கொட்டிய எதையும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்குள் அவர் எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

அவள் என்ன கேட்டாள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். தெரு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டி நின்றது. மாமனாராகப் போகிறவன் ஒரு அடி தூரத்தில் நிற்கும்போது, ஒரே வார்த்தையில் இல்லை என்று முடித்திருக்கலாம். நானாக இருந்தால் முடித்திருப்பேன்.

"ஒரு தடவை" என்றார் அவர். "காலேஜ் படிக்கும்போது. அன்னைக்கே வாந்தி எடுத்துட்டேன். அதுக்கப்புறம் தொட்டதில்ல." கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆமா, இங்கனதான் இருக்காக. நல்லாத்தான் இருக்காக" என்றார். அடுத்து அவள் என்ன கேட்டாளோ, என் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டே, "மீசைதான் இல்ல" என்றார்.

போனுக்குள்ளிருந்து என் மகள் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. போனை என்னிடம் கொடுத்தார். "அப்பா, நான் கேட்டுட்டேன். நீங்க வெயில்ல நிக்காம வீட்டுக்கு வாங்க" என்றாள் மகள். என் மனைவி தரகருக்குப் போன் பண்ணவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. குளித்துவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டவள், மகளிடம், "உங்க அப்பா சொல்றது இருக்கட்டும். உனக்கு என்ன தெரியணுமோ அதை அந்தப் பையன்கிட்டயே கேளு" என்று சொல்லியிருக்கிறாள். கட்டமும் இல்லை, தீவும் இல்லை. ஒரே கேள்வி, நேரான கேள்வி.

இதற்கிடையில் பூட்டுச் சாவியைக் காணோம் என்று தெருவே தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் அது அந்தப் பெண்ணின் இடுப்புச் சுருக்குப் பையிலேயே இருந்தது. கதவு திறந்ததும் சம்பந்தியம்மா கரண்டியோடு வெளியே வந்தார். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "எலி சமைச்சதுன்னு நெனைக்காம ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார். அந்த முருங்கைக்காய் சாம்பாரை இன்றுவரை மறக்க முடியவில்லை. சாப்பிடும்போது டீக்கடைக்காரரும் சலூன்காரரும் வாசலில் உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பற்றி உண்மைகளாக எடுத்துவிட்டார்கள். குறட்டை விடுவாராம். செருப்பை அடிக்கடி எங்காவது விட்டுவிட்டு வருவாராம். ஒரு பாடத்தில் இரண்டு தடவை தோற்றுத்தான் பாஸ் பண்ணினாராம். போதும் போதும் என்று நானே கெஞ்ச வேண்டியதாயிற்று.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது என் மகள் அந்தத் தெருவில்தான் இருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் டீக்கடைக்காரர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுவிட்டுத்தான் டீ தருகிறார்.

அன்றைய நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்போடு ஒரு வெட்கமும் வருகிறது. ஒரு மனிதருக்காக ஒரு தெருவே முன்பின் யோசிக்காமல் பொய் சொல்கிறது என்றால், அவரைப் பற்றி அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எது? அத்தனை பேரும் அதை வரிவரியாக எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் தலைகீழாகப் பிடித்துப் படித்தேன். அவர்கள் சொன்ன பொய்யெல்லாம் ஒருவரைக் காப்பாற்ற. அவற்றுக்கெல்லாம் முன்னால் முதல் பொய்யைச் சொன்னவன், காரியாபட்டியிலிருந்து கணக்கெடுக்க வந்த நான்தான். அதற்குப் பிறகு யாரிடம் எதை விசாரிக்கப் போனாலும், நான் யார், எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்; பதில் சில நேரம் கசப்பாகத்தான் வருகிறது, ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் மட்டும் இதுவரை வரவில்லை.